மதிய வகுப்பில் ஐந்து நிமிடம்: முதலில் உடலை அசைப்பதா, மனத்தை அமர்த்துவதா?

கொருக்குப்பேட்டை டீச்சர் | ஞாயிறு, மாலை 6.20

அனைவருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டையில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். முப்பத்தெட்டுக் குழந்தைகள், இருபதுக்கு இருபது அடியில் ஓர் அறை, முதல் மாடி. மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றே முக்காலுக்குக் கணக்கைத் தொடங்கினால், இரண்டு மணிக்குள் பாதி வகுப்பு பெஞ்சின் மேல் சாய்ந்திருக்கும். மீதிப் பாதி பெஞ்சுக்கு அடியில் பென்சில் தேடிக்கொண்டிருக்கும். "கையைக் கட்டு, வாயில் விரல் வை" என்ற பழைய மந்திரத்தைச் சொல்லித்தான் நானும் ஒன்பது ஆண்டுகளை ஓட்டினேன். அந்த மந்திரம் சத்தத்தை நிறுத்தும். விரலை வாயில் வைத்த குழந்தை கணக்கைக் கவனிக்கிறது என்று எந்த ஆசிரியரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது.

ஆறு வாரங்களுக்கு முன்பு இதை மாற்றிப் பார்க்கத் துணிந்தேன். பாடவேளையின் நடுவில் மூன்று நிமிடம் எல்லோரும் எழுந்து உடலை அசைப்போம். அதன் பிறகு இரண்டு நிமிடம் அமர்ந்து ஏதாவது ஒன்றை மட்டும் கவனிப்போம். பயிற்சி வகுப்புகளில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரைக் குழந்தைகளிடம் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் இதற்குக் 'குட்டி மணி' என்று பெயர்.

முதல் வாரம் குதிக்க வைத்தேன். மூன்றாம் நாளே கீழ்த்தளத்து இரண்டாம் வகுப்பு டீச்சர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "எங்கள் தலையில் சுண்ணாம்பு உதிர்கிறது, மேலே என்ன திருவிழாவா?" என்று கேட்டார். அன்றோடு குதிப்பதை விட்டுவிட்டேன். இப்போது குதிகாலை உயர்த்தி நிற்பது, தோளைச் சுழற்றுவது, பிறகு பெஞ்சைத் தட்டுவது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பலகை கிடைத்தால் கானா தானாக வந்துவிடும். நான் ஒரு தாளத்தைக் கைதட்டிக் காட்டுவேன், அவர்கள் அதைப் பெஞ்சில் திருப்பித் தட்டுவார்கள். பிறகு உள்ளங்கையிலிருந்து நான்கு விரலுக்கும், நான்கு விரலிலிருந்து ஒரு விரலுக்கும் வருவோம். கடைசியில் நகத்தின் நுனியில் தட்டும்போது அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருக்கும். "அமைதி" என்ற சொல்லை நான் சொல்லவே வேண்டியிருப்பதில்லை.

அமர்ந்து கவனிக்கும் பகுதிதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரே ஒரு நாள் அது தானாக அமைந்தது. பள்ளிக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும் பாதை இருக்கிறது. முன்பெல்லாம் வண்டி வந்தால் சாக்பீஸை வைத்துவிட்டு எரிச்சலோடு காத்திருப்பேன். அன்றைக்கு, "இரண்டு கையையும் பெஞ்சின் மேல் வையுங்கள், வண்டியின் அதிர்வு கையில் எப்போது தெரிகிறது, எப்போது நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்" என்றேன். கடைசிப் பெட்டியும் போய், நான் கணக்கை எழுதத் திரும்பிய பிறகும் ஒரு பையன் கையை எடுக்கவில்லை. "இன்னும் இருக்கு டீச்சர், கொஞ்சமா இருக்கு" என்றான்.

என் கேள்விகள் இவை. முதலில் அசைவும் பிறகு அமைதியும் என்ற வரிசை சரியா, அல்லது மாற்ற வேண்டுமா? ஐந்து நிமிடம் அதிகமா? எங்கள் தலைமையாசிரியர் தடுக்கவில்லை. ஆனால் "போர்ஷன் முடியவில்லை என்றால் நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை ஓய்வாசிரியர் | ஞாயிறு, இரவு 8.05

அம்மா, உங்கள் அக்கறையைப் பாராட்டுகிறேன். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் என் தயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் பாய் விரித்த வகுப்பில் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தவன். பிள்ளை தானே அலமாரிக்குப் போய்ப் பாட அட்டையை எடுப்பான், பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப் படத்தில் தன் இடத்தைப் பார்ப்பான், குழு மாறுவான், சுவரின் அடியில் தனக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவான். நாற்பது நிமிடமும் பெஞ்சில் ஆணி அடித்தாற்போல் எந்தப் பிள்ளையும் உட்காரவில்லை. பாடத்துக்குள்ளேயே அசைவு இருந்தது. பிறகு அது மாநிலம் முழுவதும் போயிற்று, தேய்ந்தது, பெஞ்சுகள் திரும்பி வந்தன. 2022-இல் தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டும் ஆட்டமும் பொம்மையும் இருக்கின்றன. கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைப்பதிலேயே பிள்ளைகள் இடம் மாறுகிறார்கள். பாடத்தை ஒழுங்காக நடத்தினால் தனியாக ஒரு குட்டி மணி எதற்கு என்பதே என் கேள்வி.

கணக்கையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் குறைந்த அளவாகக் கேட்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம். எட்டுப் பாடவேளைக்கும் ஐந்தைந்து நிமிடம் கொடுத்தால் 40 நிமிடம், அந்தக் குறைந்த அளவில் ஆறில் ஒரு பங்கு. வாய்ப்பாடு தெரியாத பிள்ளையின் பெற்றோருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

வியாசர்பாடி உடற்கல்வி | ஞாயிறு, இரவு 9.10

ஐயாவின் கணக்கு சரிதான். ஆனால் அந்த நேரம் இப்போது மட்டும் எங்கே இருக்கிறது? மதியம் இரண்டு மணிக்கு "சத்தம் போடாதே" என்று சொல்வதற்கும், எழுந்தவனை உட்கார வைப்பதற்கும், தண்ணீர் கேட்டவனை அனுப்புவதற்கும் ஒரு பாடவேளையில் எத்தனை நிமிடம் போகிறது என்று யாராவது கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறோமா? டீச்சர், நீங்கள் ஒரு வாரம் பாருங்கள். அந்த எண்ணை வைத்துப் பேசுவோம்.

என் பங்குக்கு ஒரு மனக்குறையைக் கொட்டிவிட்டு உதவிக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. நான் நடுநிலைப் பள்ளிக்காரன் என்பதால் இருக்கிறேன். கால அட்டவணையில் பி.டி. பீரியடு இருக்கும், காலாண்டுத் தேர்வு நெருங்கினால் அது கணக்குக்குப் போகும், அரையாண்டு நெருங்கினால் ஆங்கிலத்துக்குப் போகும், மழை வந்தால் யாருக்கும் இல்லாமல் போகும். ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. உங்கள் மூன்று நிமிடம் ஒரு நாளில் ஆறு முறை நடந்தாலும் பதினெட்டு நிமிடம்தான், அதுவும் குதிகாலைத் தூக்கும் அசைவு. ஆகவே குட்டி மணியைக் காட்டி, "இவர்களுக்குத்தான் வகுப்பிலேயே உடற்பயிற்சி ஆகிவிட்டதே" என்று யாராவது விளையாட்டுப் பீரியடைப் பறித்தால், அதற்கு நானே முதல் எதிரி. கால்பந்தில் ஊரே பேர் வாங்கிய வியாசர்பாடியில் என் பிள்ளைகள் பந்தைத் தொடுவது பள்ளி விட்ட பிறகுதான் என்பதை எழுதும்போதே வலிக்கிறது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மாடி வகுப்பில் குதிப்பு கூடாது, சரியாகவே நிறுத்தினீர்கள். கல்லா மண்ணா விளையாட்டை நின்ற இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம்: "கல்" என்றால் முன்னங்காலில் உயர்ந்து நிற்க வேண்டும், "மண்" என்றால் முழங்காலை மடக்கிப் பாதி உட்கார வேண்டும். இரண்டு நிமிடத்தில் தொடை எரியும், கீழே ஒரு துளி சுண்ணாம்பும் உதிராது. நொண்டியில் ஒற்றைக் காலில் நிற்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி பத்து வரை, பிறகு கால் மாற்றிப் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் நிற்பவனால் பேச முடியாது என்பது கூடுதல் வசதி. பையின் வார் நடைவழியில் தொங்கக் கூடாது. தண்ணீர் பாட்டில்கள் மூடியிருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் சிந்திய தண்ணீரில் வழுக்கி உதட்டைக் கிழித்துக்கொண்டு, அவன் அம்மாவிடம் நான் வாங்கிய பாட்டு இன்னும் காதில் இருக்கிறது.

தோப்புக்கரணத்தை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். அது நல்ல பயிற்சி என்று காணொளிகள் சுற்றுகின்றன. உடலுக்கு நல்லதாகவே இருக்கட்டும். நம் வகுப்பறைகளில் அது வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குக் கொடுத்த தண்டனை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்த பிறகும் பிள்ளைகளின் மனத்தில் அந்த அசைவுக்கு அந்தப் பொருள்தான் ஒட்டியிருக்கிறது.

ராயபுரம் அம்மா | ஞாயிறு, இரவு 10.30

நான் ஆசிரியை இல்லை. இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாய். சென்ற மாதம் என் மகள் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு மிஸ் கண்ணை மூடிச் சாமி கும்பிடச் சொன்னாங்க, எந்தச் சாமின்னு சொல்லல" என்றாள். நாங்கள் ஒரு மதம், பக்கத்து வீட்டில் வேறு மதம். எங்கள் தெருவில் யாரும் யாரையும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. பள்ளியில் மட்டும் எங்களுக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறதோ என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கேட்டபோது, "ஒன்றும் இல்லைம்மா, மூச்சுப் பயிற்சிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது என்ன, எதற்கு என்பதை முதலிலேயே பெற்றோருக்கு விளக்கியிருந்தால் இந்தக் கலக்கம் வந்திருக்காது. கண்ணை மூட மறுக்கும் குழந்தையை வற்புறுத்துவார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கொருக்குப்பேட்டை டீச்சர் | ஞாயிறு, இரவு 10.55

சகோதரி, நீங்கள் சொன்னது என்னைச் சுட்டது, ஏனென்றால் நானும் பெற்றோரிடம் சொல்லவில்லை. வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குட்டி மணியை அவர்கள் முன்னாலேயே செய்து காட்டுகிறேன். என் வகுப்பில் கண்ணை மூடச் சொல்வதில்லை, கும்பிடும் கையும் இல்லை, எந்தச் சொல்லையும் திரும்பத் திரும்ப உச்சரிக்கச் சொல்வதும் இல்லை. கேட்பது, தொடுவது, பார்ப்பது மட்டும்தான். விருப்பமில்லாத பிள்ளை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

திருவொற்றியூர் ஆய்வு மாணவி | திங்கள், காலை 7.15

கல்வியியலில் முதுகலை படிக்கிறேன். என் ஆய்வேட்டின் பொருளே இதற்குப் பக்கத்தில் இருப்பதால் சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள். அசைவைப் பற்றிய சான்று ஓரளவு உறுதியானது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் நாளுக்கு ஒரு முறை பத்து நிமிட அசைவுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஆய்வாளர்கள் வகுப்பில் அமர்ந்து, பிள்ளைகள் எவ்வளவு நேரம் பாடத்தில் ஈடுபட்டிருக்கிறார்கள் என்று குறித்தார்கள். ஈடுபாடு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடியது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றியது வேறொன்று: வழக்கமாகப் பாடத்தில் ஒட்டாத பிள்ளைகளிடம் அந்த ஏற்றம் 20 விழுக்காடு. நாம் முதலில் வெளியே நிறுத்தத் துடிக்கும் பிள்ளைதான் இதனால் அதிகம் பயனடைகிறான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று இரண்டாம், நான்காம் வகுப்புகளில் நான்கே நிமிட வேகமான அசைவுக்குப் பிறகு கவனச் சிதறல் குறைந்ததைக் காட்டியது. ஆகவே டீச்சரின் மூன்று நிமிடம் குறைவான அளவும் அல்ல, வீணான அளவும் அல்ல. ஆனால் இதனால் மதிப்பெண் ஏறுமா என்று கேட்டால் முடிவுகள் கலந்தே இருக்கின்றன. தலைமையாசிரியரிடம் "மார்க் கூடும்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு பொய்க் கணக்குகளையும் இங்கேயே உடைத்துவிடுகிறேன். குழந்தையின் வயதை இரண்டாலோ மூன்றாலோ பெருக்கினால் அவள் கவனிக்கக்கூடிய நிமிடங்கள் வரும் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை, எதைக் கவனிக்கச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். வலது கையால் இடது முழங்காலைத் தொட்டால் மூளையின் இரு பாதிகளும் இணைந்து படிப்பு வரும் என்று 'பிரெயின் ஜிம்' வகையில் சொல்லப்படுவதையும் அறிவியலாளர்கள் ஏற்பதில்லை. அந்த அசைவைச் செய்யலாம், அது அசைவு என்பதால் நல்லது. அதற்கு மேல் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

மனத்தை அமர்த்தும் பகுதிக்கு வந்தால் நான் இன்னும் எச்சரிக்கையாகவே பேசுவேன். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட் சின் நாள்பட்ட வலியும் மன அழுத்தமும் கொண்ட வயதுவந்தோருக்காகத் தொடங்கிய பயிற்சியின் வழியாகத்தான் இன்றைய 'மைண்ட்ஃபுல்னஸ்' பரவியது. அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்து பெரிய அளவில் சோதித்த இங்கிலாந்து ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. 85 பள்ளிகளில் 11 முதல் 14 வயது வரையிலான 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றார்கள். வழக்கமான பாடத்தைவிட இந்தப் பயிற்சியால் அவர்களுடைய மனநலத்தில் கூடுதல் நன்மை தென்படவில்லை. பெரும்பாலானோர் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. அவர்கள் வளரிளம் பருவத்தினர் என்பதால் அந்த முடிவை மூன்றாம் வகுப்பின் இரண்டு நிமிடத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தில்லி அரசுப் பள்ளிகள் 2018-இல் தொடங்கிய, இதே பயிற்சி அடங்கிய மகிழ்ச்சிப் பாடத்தைக் காட்டி, "அங்கே செய்தார்களே" என்பது மட்டும் போதுமான வாதம் ஆகாது. டீச்சரின் சரக்கு ரயிலை நான் மனநலச் சிகிச்சையாகப் பார்க்கவில்லை. அடுத்த கணக்குக்கு முன்னால் வகுப்பு முழுவதும் ஒரே இடத்தில் வந்து நிற்பதாகப் பார்க்கிறேன், அந்த அளவில் அது பெறுமானம் உள்ளது.

வரிசையைப் பற்றி: முதலில் அசைவு, பிறகு அமைதி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. துள்ளிக்கொண்டிருக்கும் உடலை முதலில் அடக்கினால், அமைதி அங்கே தண்டனையாகிவிடும்.

மணலி ஆசிரியர் | திங்கள், மதியம் 12.50

எங்கள் பக்கத்து நிலைமையைச் சொன்னால் சிலருக்கு விளங்கும். போன ஆண்டு ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்து, நான்காம் வகுப்பில், "மூக்கின் வழியாக ஆழமாக மூச்சை இழுங்கள், காற்று உள்ளே போவதைக் கவனியுங்கள்" என்றேன். அன்றைக்குக் காற்று ஆலைப் பக்கமிருந்து வீசியது. முதல் வரிசையில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், வேணாம் சார், நாறுது" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியவில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த இரவில் வீட்டை விட்டு இருமிக்கொண்டே ஓடிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களிடம் போய் "மூச்சைக் கவனி" என்று சொல்வது எப்படிப்பட்ட சொல் என்று பயிற்சி கொடுத்தவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதனால் மூச்சை விட்டுவிட்டு, கைக்கு மாறினேன். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். ஒரு நிமிடம் அதன் கோட்டையும் உடைந்த விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு ஆறு ஆறு பேராகக் கிளிஞ்சல்களைக் கலந்துவிட்டுத் தன்னுடையதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரும் ஏமாறுவதில்லை. கிளிஞ்சலை உடைத்துவிட்ட ஒருவன், "உடைஞ்சதுதான் சார் ஈஸியாத் தெரியும்" என்று சொல்லி அதையே தினமும் கேட்டு வாங்குகிறான். ஆனால் டப்பாவைக் கொடுத்துத் திரும்ப வாங்குவதற்குள் நான்கு நிமிடம் ஆகிவிடுகிறது. எனவே வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும்.

காசிமேட்டு அப்பா | திங்கள், இரவு 8.40

என் மகன் ஒன்றாம் வகுப்பு. என் மனைவி மீன் எடுக்க விடியும் முன்பே துறைமுகத்துக்குப் போக வேண்டும். அவள் எழும்போது அவனும் எழுந்துவிடுவான். காலையில் பள்ளியில் சாப்பாடு போடுகிறார்கள், அந்தக் கவலை இல்லை. ஆனால் மதியம் அவன் தூங்கி விழுவது சோம்பல் இல்லை, நிஜமான தூக்கம். அப்படிப்பட்ட பிள்ளையை எழுப்பி நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல்வது சரியா என்பதை டீச்சர்கள் யோசிக்க வேண்டும். பத்து நிமிடம் தூங்க விட்டால் அவனே எழுந்து உட்காருவான்.

பெரம்பூர் சிறப்பாசிரியர் | திங்கள், இரவு 9.25

காசிமேட்டு ஐயா சொன்னதை நான் அப்படியே ஆதரிக்கிறேன். எல்லா உடலும் ஒரே நேரத்தில் ஒரே தேவையோடு வகுப்புக்குள் வருவதில்லை.

டீச்சரிடம் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். பெஞ்சைத் தட்டும் தாளம் மிக அழகான யோசனை. ஆனால் முப்பத்தெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பலகையைத் தட்டுவது, ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் காதுக்குள் ஆணி இறங்குவது போல இருக்கலாம். நான் வாரம் ஒரு நாள் போகும் பள்ளியில் ஒரு சிறுவன் இந்தச் சத்தம் தொடங்கினாலே மேசைக்கு அடியில் போய்விடுவான். அவனுக்குத் திமிர் என்றுதான் வகுப்பாசிரியர் நினைத்திருந்தார். பலகைக்குப் பதிலாகத் தொடையில் தட்டச் சொன்னோம், தாளம் தொடங்கப் போகிறது என்பதைக் காட்டும் படம் ஒட்டிய அட்டையை அவன் கையிலேயே கொடுத்தோம். அட்டையைத் தூக்கிக் காட்டுவது அவன் வேலை. எப்போது சத்தம் வரும் என்பதை முடிவு செய்பவன் அவனே என்றானதும் மேசைக்கு அடியில் போவது நின்றது.

இன்னொன்று, சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை. "எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்ற வாக்கியத்திலேயே அவள் வெளியே நின்றுவிடுகிறாள். "நீ உட்கார்ந்தே செய்" என்று தனியாகச் சொல்வது அதைவிட மோசம். உட்கார்ந்து செய்யும் அசைவை எல்லோருக்கும் முதலில் வையுங்கள், நிற்பது அதற்குப் பிறகு வரட்டும். குட்டி மணி தினமும் ஒரே நேரத்தில் வருவதும் முக்கியம். அடுத்து என்ன வரும் என்று தெரியாத பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் அமைதி தராது.

தண்டையார்பேட்டை ஓய்வாசிரியர் | செவ்வாய், காலை 6.10

எல்லாவற்றையும் படித்தேன். ஆய்வு எழுதும் பெண் நேர்மையாக எழுதியிருக்கிறாள். இரண்டு பக்கத்தையும் சொன்னதால் நம்புகிறேன். பாடத்துக்குள் அசைவு இருந்தால் தனி மணி வேண்டாம் என்ற என் கருத்தில் இன்னும் நிற்கிறேன். ஆனால் உங்கள் பெஞ்சு போட்ட மாடி அறையில் முப்பத்தெட்டுப் பேரை வைத்துக்கொண்டு அது எல்லாப் பாடத்திலும் நடக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பாய் விரித்த காலத்தை நினைத்துக்கொண்டே பேசிவிட்டேன் போலும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன் அம்மா. குட்டி மணியைப் பரிசாகவும் ஆக்காதீர்கள், பறிமுதல் பொருளாகவும் ஆக்காதீர்கள். "சத்தம் போட்டால் இன்றைக்குக் குட்டி மணி இல்லை" என்ற வாக்கியம் ஒரு முறை உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டால், அது பழைய பி.டி. பீரியடின் கதியை அடைந்துவிடும். நான் அந்தத் தவற்றைப் பல ஆண்டுகள் செய்தவன். வெளியே விளையாட விடாமல் நிறுத்திவைத்த பிள்ளைகளே மறுநாளும் அதிகம் ஆடினார்கள் என்பது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது. பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்குப் பிறகு 15 நிமிட இடைவேளை என்பது நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே மணியாக அடிக்கிறது. நேரத்துக்கு ஒரு யோசனை: கேரளத்தில் 2019-இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கத் தொடங்கினார்கள். தண்ணீரையும் குட்டி மணியையும் ஒன்றாக வைத்தால், நடுவில் எழுந்து எழுந்து போகும் கூட்டம் குறையும்.

கொருக்குப்பேட்டை டீச்சர் | சனி, மாலை 5.30

உடற்கல்வி சார் சொன்னபடி ஐந்து நாளும் மதியக் கணக்குப் பாடவேளையில் நேரத்தைக் குறித்தேன். குட்டி மணி வைக்காத இரண்டு நாள்களில் அடக்குவதற்கும் தேடுவதற்கும் அனுப்புவதற்கும் மட்டும் ஒரு நாள் பதினொரு நிமிடம், இன்னொரு நாள் ஒன்பது நிமிடம் போயிருக்கிறது. வைத்த மூன்று நாள்களில் ஐந்து நிமிடக் குட்டி மணியையும் சேர்த்து எட்டு, ஏழு, எட்டு. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஐந்து நாள் கணக்கு எதையும் மெய்ப்பிக்காது என்று ஆய்வு எழுதும் தங்கை சொல்வார். ஆனால் "போர்ஷன்" என்ற சொல்லுக்குப் பதிலாகத் தலைமையாசிரியர் மேசையில் அந்தத் தாளை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்துவிட்டு, "பதினொன்றா?" என்று மட்டும் கேட்டார்.

மற்ற மாற்றங்கள்: உட்கார்ந்து செய்யும் அசைவு முதலில், நிற்பது இரண்டாவது. பெஞ்சுத் தாளம் இப்போது தொடைத் தாளம். எங்கள் வகுப்பில் சத்தத்துக்கு முகம் சுளிக்கும் ஒரு பெண் இருப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஆறு வாரமாக அவள் காதைப் பொத்திக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் அதை நாணம் என்று எண்ணியிருக்கிறேன். தூங்குகிறவர்களை எழுப்புவதில்லை. கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஒருவன் தினமும் கால் மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து, பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். ராயபுரம் சகோதரிக்கு: பள்ளி மேலாண்மைக் குழுவில் செய்து காட்டினேன். "கல்", "மண்" என்று சொன்னதும் நான்கு தாய்மாரும் ஒரு பாட்டியும் எழுந்துவிட்டார்கள்; பாட்டிதான் கடைசி வரை முன்னங்காலில் நின்றார்.

இன்றைக்கு இரண்டாம் வகுப்பு டீச்சர் மறுபடியும் மாடியேறி வந்தார். சுண்ணாம்புப் புகார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை முதல் கீழேயும் மேலேயும் ஒரே நேரத்தில் குட்டி மணி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரக்கு ரயில் வந்தால் முதலில் தரைத்தளத்தில்தான் தெரியும், அவர்கள் உத்தரத்தைத் தட்டிச் சொல்வார்கள் என்று ஏற்பாடு. எதைக் கொண்டு தட்டுவது என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை. அவர் துடைப்பக் கட்டை என்கிறார், சுண்ணாம்பை நினைத்து நான் தயங்குகிறேன்.